டைமிங் வைக்கக் கற்றுத்தந்த அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

முதுகுளத்தூரிலிருந்து முதுகுளத்தூருக்கே கடிதம் எழுதுகிறேன். என் வீட்டிலிருந்து உங்கள் பட்டறைக்கு நடந்தே வந்துவிடலாம். வந்தால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டுப் பையனை டீக்கு அனுப்புவீர்கள். நன்றி என்று நான் வாயைத் திறந்ததும், "அதெல்லாம் எதுக்கு டீச்சர்" என்று ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் போய்விடுவீர்கள். பதின்மூன்று வருடமாக அப்படித்தான் நடக்கிறது. போனில் சொல்லவும் வழியில்லை. ஏன் என்பது நம் இருவருக்கும் தெரியும். ஆனால் தினமும் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறவர் நீங்கள். எழுதிக் கொடுத்தால் கடைசிவரை படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. அப்பா விட்டுப்போன பழைய காரை ஓட்டிக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றபோது, நீங்கள் வேலையை முடித்துக் காசை வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம். அதில் ஒரு தப்பும் இல்லை. நீங்கள் என் கையில் ஒரு பார்க்கிங் பல்பைக் கொடுத்து, "இந்தாங்க, நீங்களே வைங்க" என்றீர்கள். அன்றைக்கு எனக்குக் கிடைத்தது என்ன என்பதை விவரமாக எழுதிவைக்க வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன்.

2012 ஏப்ரல். அப்பா போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. மிளகாய் வத்தல் வியாபாரத்துக்காகப் பரமக்குடி, விருதுநகர் என்று அவர் அலைந்த 1984 மாடல் அம்பாசிடர் மார்க் 4 வீட்டு வாசலில் நின்றது. பின்சீட்டில் அப்போதும் வத்தல் நெடி அடிக்கும். அதை விற்க அம்மாவுக்கும் மனமில்லை, எனக்கும் மனமில்லை. ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஆனால் வண்டி கொதித்தது. பரமக்குடிக்குப் போய்த் திரும்புவதற்குள் இரண்டு முறை நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, ஆறவிட்டு, டீக்கடையில் குடம் வாங்கித் தண்ணீர் ஊற்றவேண்டும். வெளியூர் ஒர்க்ஷாப் ஒன்றில் விட்டேன். முதலில் ரேடியேட்டரைக் கழுவினார்கள். அடுத்த முறை வாட்டர் பம்ப் மாற்றினார்கள். அதற்கடுத்த முறை பேன் பெல்ட். கடைசியில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு, "பழைய வண்டி, நம்ம ஊரு வெயிலு, அப்படித்தாம்மா இருக்கும்" என்றார்கள். மொத்தம் பதினோராயிரம் ரூபாய் போனது. வண்டி கொதிப்பது நிற்கவில்லை.

உங்களிடம் வந்தபோது ரேடியேட்டர் பக்கமே நீங்கள் போகவில்லை. மூன்று கேள்வி கேட்டீர்கள். கண்மாய்க் கரை ஏறும்போது முன்னைப்போல டாப் கியரில் ஏறுகிறதா? சைலன்சரில் புடுபுடுவென்று வெடிக்கிறதா? பெட்ரோல் முன்னைவிடக் கூடக் குடிக்கிறதா? ஏறவில்லை, வெடிக்கிறது, குடிக்கிறது என்றேன். "வண்டி கொதிச்சா எல்லாரும் தண்ணியத்தான் பாப்பாங்க டீச்சர். அடுப்புல தீ எப்ப எரியுதுன்னு பாக்கணும்ல" என்று சொல்லி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பையும் கட்டைவிரலால் தட்டித் திறந்தீர்கள்.

அந்த மூடிக்குள் இருப்பதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மின்காந்தத் தூண்டல் நடத்துகிறவள் நான். 12 வோல்ட் எப்படிப் பல்லாயிரம் வோல்ட்டாக ஏறுகிறது என்று கரும்பலகையில் எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். முதன்மைச் சுருளில் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று துண்டித்தால் துணைச் சுருளில் உயர் மின்னழுத்தம் பிறக்கும் என்பது பாடம். எது துண்டிக்கிறது, எந்த நேரத்தில் துண்டிக்கிறது என்று பாடம் கேட்பதில்லை. நீங்கள் ரோட்டரை உருவிவிட்டு டார்ச் அடித்துக் காட்டினீர்கள். நடுவில் நான்கு மூலையுள்ள ஒரு கேம். அதை உரசிக்கொண்டு பிளாட்டினம் பாயிண்ட்டின் ஃபைபர் குதிகால். கேமின் மூலை குதிகாலைத் தள்ளும்போது பாயிண்ட் திறக்கிறது. திறக்கிற அந்தக் கணத்தில்தான் காயிலில் கரண்ட் அறுந்து பிளக்கில் பொறி விழுகிறது.

எங்கள் வண்டியில் அந்தக் குதிகால் தேய்ந்து கூழாகிக் கிடந்தது. பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம் இருக்கவேண்டும், மில்லிமீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 0.4. உங்கள் கேஜின் மிக மெல்லிய தகடுகூட உள்ளே நுழையவில்லை. இடைவெளி சுருங்கினால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். பொறி தாமதமாக விழும். எரிந்து முடியாத தீயோடு எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும். பிஸ்டனைத் தள்ளவேண்டிய சூடு சிலிண்டர் ஹெட்டுக்கும் சைலன்சருக்கும் போகும். ஹெட்டைச் சுற்றி ஓடும் தண்ணீர் கொதிக்காமல் என்ன செய்யும்? பதினோராயிரம் ரூபாய் செலவழித்தும் யாருக்கும் தெரியாத காரணம், ஒரு பாசிப்பயறு அளவுகூட இல்லாத ஃபைபர் துண்டின் தேய்மானம். அது தேய்ந்ததற்கும் காரணம் சொன்னீர்கள்: கேமில் கிரீஸ் வைக்க எவரோ மறந்திருக்கிறார்கள். விரல்நுனியில் கடுகளவு எடுத்து நீங்கள் அதில் தடவியதை இப்போதும் பார்க்கிறேன். "கூட வச்சா பாயிண்ட்டுல தெறிச்சு அங்கயும் கெடும்" என்றீர்கள்.

வேலைக்கு ஆகாத பிஸ்கட் டின் ஒன்றில் பழைய பாயிண்ட் செட்டுகளைப் போட்டுவைத்திருந்தீர்கள். அதில் ஒன்றைத் தேடி எடுத்து உப்புத்தாளில் முகத்தைத் தேய்த்து மாட்டினீர்கள். கேப் சரிபார்த்தீர்கள். அதோடு விட்டிருந்தாலும் வண்டி ஓரளவுக்குத் தேறியிருக்கும். "கேப் வச்சாச்சு. இனிமேத்தான் டைமிங் வைக்கணும். கேப் மாறுனா டைமிங் மாறும், அதுனால கேப்பு மொதல்ல" என்று நீங்கள் சொன்ன வரிசையை இன்றுவரை நான் மாற்றியதில்லை.

இரண்டு ஒயர் பற்றவைத்த பார்க்கிங் பல்பு. ஒரு முனையில் முதலைக் கிளிப், இன்னொரு முனையில் ஒரு ஆணி. அவ்வளவுதான் உங்கள் கருவி. முதலில் ஒன்றாம் நம்பர் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் என் கட்டைவிரலை வைத்து அழுத்தச் சொன்னீர்கள். வண்டியை டாப் கியரில் போட்டு இரண்டு பையன்கள் அங்குலம் அங்குலமாகத் தள்ளினார்கள். "காத்து வெரலத் தள்ளுதா?" தள்ளியது. பிஸ்டன் அழுத்தத்தோடு மேலே வருகிறது என்று அர்த்தம். கீழே கிராங்க் புல்லியில் ஒரு வெட்டு. அதில் சாக்பீஸ் தேய்த்தீர்கள். டைமிங் கவரிலிருந்து முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் குறிகளை, உடைந்த ஸ்கூட்டர் கண்ணாடியைக் கீழே பிடித்துக் காட்டினீர்கள். நீளமான முள் பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம், குட்டை முட்கள் அதற்கு 5 டிகிரியும் 10 டிகிரியும் முன்னால். வெட்டு முள்ளைத் தாண்டிவிட்டால் அப்படியே பின்னுக்கு நகர்த்தக்கூடாது. நன்றாகப் பின்னால் போய் மறுபடி முன்னோக்கியே வரவேண்டும். "சங்கிலியில தொய்வு இருக்கும். ஒரே பக்கமா வந்தாத்தான் தொய்வு கணக்குல வராது." பட்டறைத் தரையில் குந்தியபடி எனக்கு நீங்கள் நடத்திய அளவியல் பாடம் அது.

பிறகு கிளிப்பை டிஸ்ட்ரிபியூட்டரில் காயில் ஒயர் வந்து சேரும் இடத்தில் மாட்டி, ஆணியை இன்ஜின் பாடியில் தொடவைத்து, சாவியைப் போட்டீர்கள். பாயிண்ட் மூடியிருக்கும்வரை கரண்ட் அதன் வழியே பாடிக்குப் போய்விடும், பல்பு எரியாது. திறந்தால் கரண்ட்டுக்கு வேறு வழியில்லை, பல்பு வழியாகத்தான் போகவேண்டும். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டர் சுற்றுகிற பக்கமாகக் கொஞ்சம் திருப்பி, பல்பு அணைந்ததும் எதிர்ப்பக்கமாக மயிரிழை மயிரிழையாகத் திருப்பச் சொன்னீர்கள். ஏப்ரல் மாதத்துப் பதினொரு மணி வெயிலில் பல்பு எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. முந்தானையை இழுத்துப் பல்புக்குக் குடை பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். முதல் தடவை திருப்பம் கூடிப்போய்விட்டது. இரண்டாம் தடவையும். மூன்றாம் தடவை, கை நகர்ந்ததாகவே எனக்குத் தோன்றாதபோது, துணிக்குள் மஞ்சளாக ஒரு புள்ளி பிறந்தது. "நிறுத்துங்க. அதான். அங்கதான் பொறி விழுது" என்று போல்ட்டை முறுக்கினீர்கள்.

வருடக்கணக்காக நான் கரும்பலகையில் எழுதிய விதி என் முந்தானைக்குள் எரிந்தது, அண்ணே. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

பொறி ஏன் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்னே விழவேண்டும் என்று உங்களிடம் கேட்டேன். என் கேள்வியை நீங்கள் சின்னதாக நினைக்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "தொட்டில் ஆட்டியிருக்கீங்கள்ல?" என்றீர்கள். "தொட்டில் நம்ம பக்கம் வந்து திரும்புற நேரம் பாத்துத் தள்ளணும். வந்துக்கிட்டு இருக்கப்பவே தள்ளுனா மணிக்கட்டுல அடிக்கும். போனப்பெறகு தள்ளுனா கை காத்துலதான் போவும். பெட்ரோலு பத்துனதும் முழுசா எரிஞ்சிராது, அதுக்குக் கொஞ்சம் நேரம் வேணும். அந்த நேரத்த முன்னாடியே குடுத்துறணும்."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிலிண்டருக்குள் தீ பரவி முடிய ஏறத்தாழ 2 மில்லி நொடி என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 800 சுற்றில் இன்ஜின் ஓடும்போது அந்த நேரத்தில் கிராங்க் நகர்வது 10 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. 3,000 சுற்றில் அதே 2 மில்லி நொடிக்குள் 36 டிகிரி திரும்பிவிடுகிறது. வேகம் கூடக்கூடப் பொறி இன்னும் முன்னால் விழவேண்டும். அடுத்த வாரம் உங்களிடம் இதைச் சொன்னதும் டிஸ்ட்ரிபியூட்டர் தட்டைக் கழற்றி, அடியில் இருக்கும் இரண்டு குட்டி எடைகளையும் ஸ்பிரிங்குகளையும் காட்டினீர்கள். வேகமாகச் சுற்றினால் எடைகள் வெளிப்பக்கம் விரிந்து கேமை முன்னே தள்ளும். ராட்டினத்தில் தொட்டி வெளியே விரிகிற அதே சங்கதி. என் கணக்கை யாருடைய கையோ எப்போதோ இரும்பில் செய்துவைத்துவிட்டது. பிளஸ் ஒன் வகுப்பில் வட்ட இயக்கம் நடத்தும்போது அந்த எடைகளைத்தான் இப்போது மேசையில் வைக்கிறேன். அவை நீங்கள் கொடுத்தவை.

அந்த எடை ஏற்பாடு வருவதற்கு முன் ஓட்டுகிறவரே கையால் டைமிங் மாற்றிக்கொண்டு போனார். 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் அதற்கென்றே ஒரு நெம்புகோல் இருந்தது. ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் பண்ணும்போது அதைப் பின்னுக்குத் தள்ளி வைக்க மறந்தால், பொறி முந்தி விழுந்து ஹேண்டில் எதிர்ப்பக்கம் எகிறும். கை முறிந்தவர்கள் ஏராளம். அம்பாசிடருக்கு ஹேண்டில் போடக் கற்றுத்தந்தபோது, கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றி மடக்காதே, மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வை என்று நீங்கள் திட்டியே சொன்னீர்கள். நூறு வருடத்துக்கு முந்தைய அந்த மணிக்கட்டுகளின் வலிதான் உங்கள் குருநாதர் வழியாக உங்களுக்கும் உங்கள் வழியாக எனக்கும் வந்துசேர்ந்திருக்கிறது.

உங்கள் குருநாதரைப் பற்றி நீங்கள் சொன்னதையும் எழுதிவைத்துவிடுகிறேன். இரண்டாம் உலகப்போர் நேரத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பஸ்களின் பின்னால் கரி உலையை மாட்டி, கரி வாயுவில் ஓட்டினார்கள். மதுரை டி.வி.எஸ். நிறுவனம் அப்படிப்பட்ட கேஸ் பிளான்ட்டைச் செய்து கொடுத்தது. உங்கள் குருநாதர் அந்தக் கரி பஸ்ஸில் சிறு பையனாக உலை ஊதியவர். கரி வாயு பெட்ரோலைவிட மெதுவாக எரியும். அதனால் டைமிங்கை நன்றாக முன்னே ஏற்றி வைக்கவேண்டும். ஏற்றி வைத்தாலும் இழுவை பாதிதான் இருக்கும். அவர் அதைத் துரைமார் புத்தகத்தில் படிக்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கண்டுகொண்டார் என்றீர்கள். சாயல்குடி ரோட்டில் சீமைக்கருவேலக் கரிமூட்டம் புகைவதைப் பார்க்கும்போதெல்லாம், நான் பார்த்திராத அந்த மனிதரை நினைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் சில நேரம் டிஸ்ட்ரிபியூட்டரை டெல்கோ என்பீர்கள். அது எங்கிருந்து வந்த சொல் என்று ஒருநாள் கேட்டீர்கள், எனக்கு அப்போது தெரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் டேட்டன் என்ற ஊரில் சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர் நடத்திய கம்பெனியின் பெயரின் முதலெழுத்துகள் அவை. பேட்டரி, காயில், பாயிண்ட் என்று நீங்கள் தினமும் கை வைக்கிற ஏற்பாடு, 1910 வாக்கில் அவர் காடிலாக் கார்களுக்குச் செய்துகொடுத்தது. அதே கெட்டரிங்கின் ஆய்வுக்கூடத்தில்தான் 1921-இல், இன்ஜின் தட்டாமல், அதாவது உள்ளே மிச்ச வாயு தானாக வெடித்துச் சத்தம் போடாமல், இருக்கப் பெட்ரோலில் ஈயம் கலக்கலாம் என்று தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தார். தட்டல் நின்றது. நஞ்சு உலகமெல்லாம் தெருத்தெருவாகப் பரவியது. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் நின்றது 2000-த்தில்தான். வாயால் பெட்ரோல் உறிஞ்சிக் கார்புரேட்டரை ஊதிச் சுத்தம் செய்த உங்கள் தலைமுறைக்கு அது எத்தனை கெடுதல் செய்ததோ என்று நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

தட்டல் பற்றி நீங்கள் சொல்லித்தந்ததுதான் எல்லாவற்றிலும் பெரியது. பல்பு வைத்துச் செய்வது ஆரம்பம், முடிவு ரோட்டில் என்றீர்கள். நம் மாவட்டத்தில் மலை கிடையாது. ராமேஸ்வரத்துக் கந்தமாதன பர்வதம்கூட ஒரு மணல்மேடுதான். மண்டபத்திலிருந்து பாம்பன் பாலம் ஏறுவதுதான் நம் பக்கத்து வண்டிகளுக்குப் பெரிய ஏற்றம். அவ்வளவு தூரம் எதற்கு என்று நீங்கள் தேர்ந்தெடுத்தது ஊருக்கு வெளியே ரோடு கண்மாய்க் கரை மேல் ஏறும் இடம். டாப் கியரில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கரை தொடங்கும் இடத்தில் ஆக்சிலேட்டரை அடிவரை அழுத்தச் சொன்னீர்கள். ஜன்னலை இறக்கிவிட்டு இருவரும் பேசாமல் கேட்டோம். பித்தளைத் தாம்பாளத்தில் பயறு கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். இரண்டு நொடி. வண்டி வேகம் எடுத்ததும் மறைந்துவிட்டது.

"கேட்டுச்சா? லேசாத் தட்டி நின்னுருச்சுல்ல? அப்படித்தான் இருக்கணும். தட்டிக்கிட்டே வந்தா கெடுதல். தட்டவே இல்லன்னா இன்னும் கொஞ்சம் ஏத்தலாம்னு அர்த்தம்." அதன்பிறகு, எங்கள் வண்டிக்கு நீங்கள் தேடி மாட்டிய பழைய லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில், பக்கவாட்டில் இருக்கும் திருகைக் காட்டினீர்கள். ஒரு பக்கம் ‘ஏ’, மறுபக்கம் ‘ஆர்’. முன்னே, பின்னே. பதினொரு கிளிக் திருகினால் ஒரு டிகிரி. நான்கு கிளிக் ‘ஆர்’ பக்கம், மறுபடி கரை ஏற்றம். இரண்டு கிளிக் ‘ஏ’ பக்கம், மறுபடி கரை ஏற்றம். அன்றைக்கு ஆறு தடவை அந்தக் கரையில் ஏறி இறங்கினோம். கண்மாயில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் மூன்றாம் தடவை எழுந்து நின்றே பார்த்தார். நீங்கள் வாங்கிய கூலி நூற்றைம்பது ரூபாய்.

அடுத்த வாரம் பரமக்குடிக்குப் போனேன். போகும்போதும் நிற்கவில்லை, வரும்போதும் நிற்கவில்லை. டெம்பரேச்சர் முள் நடுவில் படுத்துக்கிடந்தது. அம்மா பின்சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தாள். அப்பா ஓட்டும்போது தூங்குகிற மாதிரி.

பிக்கப் வேண்டும் என்று வரும் இளவட்டங்களிடம் நீங்கள் நடந்துகொண்டதையும் கூட இருந்து பார்த்திருக்கிறேன். "டைமிங்க நல்லா ஏத்தி விடுங்கண்ணே, பறக்கணும்" என்பார்கள். நீங்கள் எழுந்து, சுவரில் ஆணியில் தொங்கும் ஒரு பிஸ்டனை எடுத்துக் கையில் கொடுப்பீர்கள். அதன் விளிம்பு எலி கொறித்த தேங்காய்ச்சில்லு மாதிரி இருக்கும். ரிங் உட்காரும் வரி உடைந்திருக்கும். முந்திப் பற்றிய தீ சிலிண்டர் ஓரத்தில் இருக்கும் மிச்ச வாயுவைத் தானாகவே வெடிக்க வைத்து, அந்த அதிர்ச்சி அலை நாள்கணக்கில் அடித்து அடித்துத் தின்ற பிஸ்டன். நீங்கள் ஒரு வார்த்தை பேசமாட்டீர்கள். கொஞ்ச நேரம் அவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். "சரிண்ணே, நீங்க வைக்கிற மாதிரியே வைங்க" என்பார்கள். என் வேலையில் எனக்கு அந்த அளவுக்குச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுக்க இன்னும் வரவில்லை.

அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் உத்தர்பாரா தொழிற்சாலையில் நின்றுபோனது. செய்தியை உங்களிடம் நான்தான் வாசித்துக் காட்டினேன். "பாகம் கெடைக்கிற வரைக்கும் ஓட்டுவோம்" என்று மட்டும் சொன்னீர்கள். உங்கள் பிஸ்கட் டின் இப்போது மூன்றாகிவிட்டது. பங்கில் இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அது வந்ததும் முதல் வேலையாகப் பெட்ரோல் டியூப்பையும் பம்ப்பின் டயாபிரத்தையும் மாற்றச் சொன்னீர்கள், பழைய ரப்பரை எத்தனால் ஊறவைத்துக் கெடுக்கும் என்பதால். எத்தனால் எளிதில் தட்டாது. அதனால் கொஞ்சம் ஏற்றிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தீர்கள். அந்த முறை கரைக்குப் போனபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

போன வருடம் மாசி மாதம். நான் ஓட்டினேன், நீங்கள் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள். கரை ஏறினோம். தாம்பாளத்தில் பயறு கொட்டியது. நிற்கவில்லை. உச்சிவரை தட்டிக்கொண்டே வந்தது. நீங்கள் நிம்மதியான முகத்தோடு, "சத்தமே இல்ல, இன்னும் ஒரு டிகிரி ஏத்தலாம்" என்றீர்கள்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்தச் சத்தம் நொடிக்கு ஏழாயிரம் அதிர்வு வாக்கில் இருக்கும். வயதானால் காது முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வுகளைத்தான் என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஐம்பது வருடத்துக்கு மேல் சுத்தியலுக்கும் சைலன்சருக்கும் நடுவில் இருந்த காது. பறவைச் சத்தம் முன்னே போயிருக்கும், பிறகு போன் பெல், பிறகு பேத்தியின் பேச்சில் பாதி எழுத்து. இவற்றோடு, உங்கள் தொழிலே நம்பி நின்ற அந்தச் சத்தமும். எதுவும் சொல்லாமல் ஓட்டிவந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படிச் செய்தால் நீங்கள் கற்றுக்கொடுத்ததற்கே துரோகம் என்று பட்டது. வண்டியை ஓரமாக நிறுத்தி, உங்கள் பக்கம் குனிந்து, "தட்டுதுண்ணே" என்று சத்தமாகச் சொன்னேன்.

என்னைப் பார்த்தீர்கள். கண்மாயைப் பார்த்தீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, "எவ்வளவு நேரம் தட்டுச்சு?" என்றீர்கள். உச்சி வரைக்கும் என்றேன். இறங்கிப்போய் பானெட்டைத் திறந்து ‘ஆர்’ பக்கம் எட்டு கிளிக் திருகினீர்கள். நீங்கள் எண்ணுவது உதட்டில் தெரிந்தது. கிளிக் சத்தமும் உங்களுக்குக் கேட்கவில்லை, விரலால் எண்ணினீர்கள்.

புதுக் கார்களில் இன்ஜின் பிளாக்கோடு ஒரு சென்சாரை முடுக்கியிருக்கிறார்கள், அண்ணே. அது இதே சத்தத்துக்குக் காத்திருந்து, கேட்டதும் கம்ப்யூட்டருக்குச் சொல்லும், கம்ப்யூட்டர் டைமிங்கைப் பின்னே இழுக்கும். அந்த வேலையை ஒரு நீள ஸ்குரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை பிளாக்கில் வைத்து நீங்கள் செய்து நான் பார்த்திருக்கிறேன். அந்த மாசி மாதத்துக்குப் பிறகு வந்த ஒவ்வொரு அம்பாசிடருக்கும், ஒரு பியட்டுக்கும், சிக்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த பெட்ரோல் ஜீப்புக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள். ஓட்டுகிறவர் ஓட்டுவார், நான் பின்சீட்டில் இருப்பேன். கரை ஏறும்போது நீங்கள் உள்ளங்கையை டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பீர்கள். "தட்டுதா டீச்சர்?" நான் ஒரு விரல் காட்டினால் லேசாக, இரண்டு விரல் காட்டினால் பலமாக, கையை விரித்தால் இல்லை. வண்டிக்காரர்கள் எதிரில் என்னிடம் கேட்க உங்களுக்குத் தயக்கம் இருக்குமோ என்று நான் முதல் நாள் கவலைப்பட்டேன். நீங்களே அவர்களிடம், "எனக்குக் காது கேக்கல, டீச்சருக்குக் கேக்கும், அவுங்க சொன்னாச் சரியா இருக்கும்" என்று அறிமுகம் செய்தீர்கள். என் இருபத்திரண்டு வருட வாத்தியார் வேலையில் எனக்குக் கிடைத்த சான்றிதழ்களில் அதை முதலில் வைத்திருக்கிறேன்.

நன்றி, அண்ணே. பல்புக்கு, சாக்பீஸுக்கு, கட்டைவிரலை மடக்காதே என்று திட்டியதற்கு, ஆறு தடவை ஏறிய கரைக்கு.

எங்கள் வண்டிக்குப் பாயிண்ட் போட்டு ஐயாயிரம் கிலோமீட்டர் ஆகிவிட்டது. குதிகால் இந்நேரம் கொஞ்சம் தேய்ந்திருக்கும். வருகிற ஞாயிறு காலை, வெயில் ஏறுவதற்குள் வருகிறேன். கேப் நான் வைக்கிறேன், கேஜ் போட்டு நீங்கள் பாருங்கள். கிரீஸ் டப்பா தீர்ந்துவிட்டது என்றீர்கள், ராமநாதபுரத்தில் வாங்கிவைத்திருக்கிறேன். அம்மா உங்களுக்கு மோர்மிளகாய் கொடுத்துவிடச் சொன்னாள், அதையும் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் டீச்சர்
முதுகுளத்தூர்